முதல் களப்பணிக்கு ஒலிப்பதிவா, களக்குறிப்பா?

சமூகவியல், மானிடவியல் எம்.ஏ. ஆய்வேட்டுக்காக முதன்முறை ஊருக்குள் போகிறவர் எதை முதலில் பழகுவது? ஒலிப்பதிவின் வசதி தெரிந்ததுதான்: சொன்ன சொல் அப்படியே கிடைக்கும், குனிந்து எழுதிக்கொண்டே இருக்க வேண்டாம். இருந்தும் நான் களக்குறிப்பின் பக்கம். காரணம், பதிவுக்குப் பிந்திய வேலை.

ஒரு மணி நேரப் பேச்சைக் கேட்டு எழுத ஐந்து மணி நேரமாவது ஆகும். டீக்கடையில் நாலு பேர் குறுக்கே பேச எடுத்ததென்றால் இன்னும் கூடும். இருபது நேர்காணலுக்கு நூறு மணி நேரம். ஊர் திரும்பி எழுதிக்கொள்ளலாம் என்றுதான் பலரும் தள்ளிப்போடுகிறார்கள். "எங்க வகையறா" என்றவர் பங்காளிகளை மட்டும் சொன்னாரா, சம்பந்தி வீட்டையும் சேர்த்தாரா என்று கேட்காமல் விட்டது அப்போதுதான் உறைக்கும். கேட்க அவர் எதிரில் இருக்க மாட்டார்.

களக்குறிப்பு அந்த ஓட்டையை அன்றிரவே காட்டிவிடும். பகலில் சட்டைப்பை நோட்டில் குறிச்சொற்கள் போதும். யார் எங்கே உட்கார்ந்தார் என்று ஒரு சிறு படம். இரவில், அன்று நடந்ததை வேறு யாரிடமும் பேசுவதற்கு முன் விரித்து எழுத வேண்டும். பேசிவிட்டால் நினைவு கதையாக மாறிவிடும். அப்படியே சொன்ன சொல்லுக்கு மட்டும் மேற்கோள் குறி. நம் ஊகம் சதுர அடைப்புக்குள். இடப்பக்கத்தை வெறுமையாக விட்டு நாளைய கேள்விகளை அங்கே எழுதலாம். ஒருநாள் தூங்கிவிட்டால் இரண்டு நாள் சம்பவங்கள் ஒன்றோடொன்று கலந்துவிடும். பிறகு பிரிக்கவே முடியாது.

பிரதிகளை வேறு வேறு இடத்தில் வையுங்கள். மைசூர் அருகே ராமபுராவில் 1948-இல் களப்பணி செய்த சமூக மானிடவியலாளர் எம்.என். ஸ்ரீனிவாஸ் ஒழுங்குபடுத்தி வைத்த குறிப்புகளின் மூன்று பிரதிகளும் 1970-இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டில் ஒரே தீயில் எரிந்தன.

தாலாட்டு, ஒப்பாரி, வாழ்க்கை வரலாறு என்றால் ரெக்கார்டர்தான். அங்கே சொல்லின் வடிவமே ஆய்வுப்பொருள். வட்டாரப் பேச்சைத் தானாக எழுத்தாக்கும் செயலிகளில் எனக்குப் பழக்கம் குறைவு. அவை தேறினால் என் நூறு மணி நேரக் கணக்கு மாறலாம். பதிவு செய்தாலும் நோட்டை விடாதீர்கள். ரெக்கார்டரை அணைத்த பிறகுதான் பலர் மனம்விட்டுப் பேசுவார்கள். அதை எழுதிக்கொள்ளலாமா என்று அங்கேயே கேட்டுவிட வேண்டும்.