ரஸ்ட் இன் பீஸ்: 1990 பதிப்பா, 2004 பதிப்பா?

அமெரிக்க மெட்டல் இசைக்குழு மெகாடெத்தின் இந்த ஆல்பத்தில் எந்தப் பதிப்பை வாங்கலாம் என்று சேலத்து நண்பர்கள் இருவர் ஒரே வாரத்தில் கேட்டுவிட்டார்கள். இரண்டு சிடியும் என்னிடம் உண்டு. இரண்டையும் ஏற்காடு பஸ்ஸில், 20 கொண்டை ஊசி வளைவும் முடியும்வரை கேட்டிருக்கிறேன்.

ஒலி
1990: கொஞ்சம் வறண்ட ஒலி. ஆனால் கிட்டார்கள் கத்தி மாதிரி தனித்தனியாக நிற்கும்.
2004: குழுவின் பாடகரும் கிட்டார் கலைஞருமான டேவ் மஸ்டெயின் மறுபடி மிக்ஸ் செய்தது, அதாவது குரலையும் கருவிகளையும் புதிதாகக் கலந்து அளவு சரிசெய்தது. சத்தம் அதிகம், டிரம்ஸ் முன்னால் வந்து நிற்கும். இரண்டாம் கியரில் பஸ் உறுமும்போதும் எதுவும் அமுங்காது.

குரல்
1990: மஸ்டெயினின் அந்த வயதுக் கோபம் அப்படியே இருக்கிறது.
2004: பழைய பதிவு கிடைக்காத பாடல்களை மஸ்டெயின் புதிதாகப் பாடியிருக்கிறார். 'ஃபைவ் மேஜிக்ஸ்' வந்ததும் காது தடுக்கும். வரி அதேதான், பல்லைக் கடித்துத் துப்புகிற அந்தத் தொனி இல்லை. எனக்கு இது பெரிய இழப்பு.

கூடுதல்
1990: ஒன்பது பாடல்கள், அவ்வளவுதான்.
2004: மேலும் நான்கு. அதில் மூன்று டெமோ, அதாவது ஆல்பத்துக்கு முந்தைய முன்னோட்டப் பதிவு.

கிடைப்பது
பழையதைப் பழைய சிடி விற்பவர்களிடம்தான் தேட வேண்டும்.

முதல்முறை கேட்பவர் அலைந்தாவது 1990ஐ வாங்குங்கள். 'ஹேங்கர் 18' பாடலின் முடிவில் குழுவின் இன்னொரு கிட்டார் கலைஞர் மார்ட்டி ஃப்ரீட்மனும் மஸ்டெயினும் மாறி மாறி வாசிப்பதை அதில்தான் முதலில் கேட்க வேண்டும். ஆல்பம் மனப்பாடம் ஆனவர், டெமோ பிடித்தவர், பயணத்தில் கேட்பவர் என்றால் சரி, 2004 போதும்.