அதட்டும் கோச், அனுசரணையான கோச்: மூன்று வருடத்துக்குப் பிறகு எழுதுகிறேன்

முதல் கோச்சிடம் சேர்ந்த அன்று என் எடை 98.4 கிலோ. கண்டிப்பான ஆள் என்று தெரிந்தேதான் போனேன், சொல்லப்போனால் அதற்காகவே அவரைத் தேடிப் போனேன். அதற்கு முன் நாலைந்து முறை தனியாக ஆரம்பித்துப் பாதியில் விட்டிருந்ததால், யாராவது பின்னால் நின்று விரட்டினால்தான் என் உடம்பு அசையும் என்று முழுசாக நம்பினேன். அவரிடம் 11 மாதம். அப்புறம் 7 மாதம் யாரும் இல்லை. அதன் பிறகு இன்று வரை 20 மாதமாக இன்னொருவரிடம் இருக்கிறேன், அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. முதல் இரண்டு மாதத்தில் எந்தக் கோச்சும் நல்ல கோச்சாகத்தான் தெரிவார், அதனால்தான் இவ்வளவு காலம் பொறுத்து எழுதுகிறேன்.

கண்டிப்பு பலன் தரவில்லை என்று சொல்ல மாட்டேன். தந்தது. முதல் 10 வாரத்தில் 9 கிலோ இறங்கியது. காலை 5.40க்குள் எடை மெஷினை போட்டோ எடுத்து குரூப்பில் போட வேண்டும், போடாவிட்டால் பெயர் சொல்லிக் கேட்பார். வாரம் ஆறு நாள் பயிற்சி, ஒரு நாளைக்கு 1200 கலோரி, ஒரு நாள் வராவிட்டால் அடுத்த நாள் ட்ரெட்மில்லில் கூடுதலாக 20 நிமிடம். தொழில் தெரிந்தவர் அவர், அதில் சந்தேகமில்லை. ஸ்குவாட் போடும்போது என் வலது முட்டி உள்பக்கம் மடிவதை முதல் நாளே கண்டுபிடித்து, அது சரியாகும் வரை எடை தூக்கவே விடவில்லை. இன்றைக்கும் என் முட்டி நன்றாக இருப்பதற்கு அவர்தான் காரணம்.

ஆனால் அவர் சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. உடம்பில் சர்க்கரைச் சேமிப்பாக இருக்கும் கிளைகோஜன், ஒரு கிராமுக்குக் கிட்டத்தட்ட 3 கிராம் தண்ணீரைத் தன்னோடு பிடித்து வைத்திருக்கும். சாப்பாட்டைச் சட்டென்று குறைத்தால் அந்தச் சேமிப்பு கரையும், தண்ணீரும் கூடவே போகும், அதனால் முதல் வாரங்களில் எடை வேகமாக விழும். அதே மாதிரி ஒரு நாள் கொஞ்சம் கூடுதலாகச் சாப்பிட்டாலோ உப்பு அதிகமானாலோ மறுநாள் காலையில் அரைக் கிலோ, ஒரு கிலோ ஏறிக் காட்டும். அது கொழுப்பு இல்லை. இதை முதல் வாரமே யாராவது சொல்லியிருந்தால் நாலாவது மாதம் நடந்தது நடந்திருக்காது.

அன்று 0.7 கிலோ கூடியிருந்தது. முந்தைய நாள் சொன்னதைத்தான் சாப்பிட்டிருந்தேன். அவர் குரூப்பில் எல்லோருக்கும் முன்னால், “மெஷின் பொய் சொல்லுதா, நீங்க பொய் சொல்றீங்களா?” என்று கேட்டார். நான் பொய் சொல்லவில்லை. அந்த வாரத்திலிருந்துதான் சொல்ல ஆரம்பித்தேன்.

இது எப்படி நடக்கும் என்பதைக் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன், ஏனென்றால் இந்த மாதிரி இடத்தில் இருக்கும் நிறையப் பேர் இதை வெளியே சொல்வதில்லை. முதலில் சின்னதாக, நாலு பிஸ்கட்டை இரண்டு என்று எழுதினேன். பிறகு எழுதவே இல்லை. எடை பார்ப்பதற்கு முந்தைய நாள் மதியத்துக்கு மேல் தண்ணீர் குடிப்பதை நிறுத்தினேன். வீட்டில் எல்லோரும் தூங்கிய பிறகு சாப்பிட ஆரம்பித்தேன், அப்படிச் சாப்பிடும்போது ருசியே தெரியாது, சீக்கிரம் முடிக்க வேண்டும் என்ற அவசரம்தான் இருக்கும். என் சாப்பாட்டுக் குறிப்பு பார்க்க அவ்வளவு ஒழுங்காக இருந்தது, அதை எல்லோருக்கும் உதாரணமாகக் காட்டினார். எடை மட்டும் இறங்கவில்லை. 1200 கலோரிக்கும் இறங்கவில்லையே என்று, அந்தக் குறிப்பை நம்பி, அவர் அதை 1050 ஆக்கினார். நான் இன்னும் பசித்தேன், இரவில் இன்னும் சாப்பிட்டேன். என் பொய்யை வைத்து அவர் முடிவெடுத்தார், அந்த முடிவு என்னை இன்னும் பொய் சொல்ல வைத்தது. இதில் அவர் தப்பு எவ்வளவு, என் தப்பு எவ்வளவு என்று பல நாள் யோசித்திருக்கிறேன். தப்பு யாருடையதாக இருந்தாலும், உண்மையைச் சொன்னால் அவமானம் வரும் இடத்தில் உண்மை வராது.

84.1 கிலோவில் அவரை விட்டு வந்தேன். ஏழு மாதத்தில் 93.6.

இதை முழுக்க அவர் தலையில் கட்ட நான் விரும்பவில்லை. வேகமாகக் குறைத்த எடை திரும்ப வருவதில் உடம்புக்கும் பங்கு இருக்கிறது. அமெரிக்காவில் ஒரு டிவி எடைக்குறைப்புப் போட்டியில் கலந்துகொண்ட 14 பேரை ஆறு வருடம் கழித்துச் சோதித்து, 2016இல் கெவின் ஹாலும் அவருடைய குழுவும் எழுதிய ஆய்வு பலருக்குத் தெரிந்திருக்கும். சராசரியாக 58 கிலோ குறைத்தவர்களுக்கு அதில் 41 கிலோ திரும்பி வந்திருந்தது. சும்மா இருக்கும்போது அவர்கள் உடம்பு செலவழிக்கும் சக்தி, அவர்கள் உருவத்துக்கு இருக்க வேண்டியதைவிட ஒரு நாளைக்குச் சுமார் 500 கலோரி குறைவாக இருந்தது. இதைப் படித்த அன்று எனக்குப் பெரிய பாரம் இறங்கிய மாதிரி இருந்தது. அதுவரை எல்லாம் என் மன உறுதிக் குறைவு என்றே நினைத்திருந்தேன்.

இரண்டாவது கோச் முதல் நாள் எடையே பார்க்கவில்லை. “இதுக்கு முன்னாடி எது உங்களுக்கு ஒத்து வந்தது?” என்று கேட்டார். பிறகு, தினமும் அரை மணி நேரம் நடக்க முடியும் என்று பத்துக்கு எவ்வளவு நம்பிக்கை என்று கேட்டார், 6 என்றேன். “ஏன் 3 இல்ல?” என்றார். ஏன் 10 இல்லை என்று கேட்பார் என்று நினைத்து அதற்குத்தான் பதில் தயாராக வைத்திருந்தேன். 3 ஏன் இல்லை என்று சொல்லப் போய், என்னால் ஏன் முடியும் என்பதை நானே வரிசையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். இது அவருடைய சொந்தக் கண்டுபிடிப்பு இல்லை, ஊக்கமூட்டும் நேர்காணல் என்ற முறை. குடியை நிறுத்த வருபவர்களோடு வேலை செய்த வில்லியம் மில்லர் 1983இல் முதலில் எழுதியது, பிறகு ஸ்டீபன் ரோல்னிக்கும் அவரும் சேர்ந்து வளர்த்தார்கள்.

அதற்காக எல்லாம் சுகமாகப் போனது என்று நினைத்துவிடாதீர்கள். முதல் ஐந்து மாதத்தில் 2.3 கிலோதான் குறைந்தது. எதைச் சொன்னாலும் “பரவாயில்ல, நாளைக்குப் பார்ப்போம்”. நடக்கவில்லை என்றாலும் பரவாயில்லை, குறிப்பு எழுதவில்லை என்றாலும் பரவாயில்லை. ஒரு கட்டத்தில் எனக்கே எரிச்சல் வந்து, நீங்கள் இப்படியே இருந்தால் நான் இப்படியேதான் இருப்பேன் என்று நேராகச் சொன்னேன். அனுசரணை என்ற பெயரில் எந்த இலக்கும் இல்லாமல் மாதக்கணக்கில் இழுத்துக்கொண்டு போகும் கோச்சுகள் உண்டு, அது அதட்டலைவிட நல்லது என்று நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

அவர் கோபப்படாமல் கேட்டுக்கொண்டு முறையை மாற்றினார். வாரத்துக்கு இலக்காக ஒரே ஓர் எண், அதை நான் தேர்ந்தெடுக்க வேண்டும், ஞாயிறு அன்று கணக்குச் சொல்ல வேண்டும். தினசரி எடைக்குப் பதிலாக ஏழு நாள் சராசரி. சர்க்கரை நோய் வராமல் தடுப்பது பற்றி அமெரிக்காவில் 3,000 பேருக்கு மேல் வைத்து நடத்தி 2002இல் முடிவு வெளியான ஆய்விலும் இதே அமைப்புதான் இருந்தது. ஒவ்வொருவருக்கும் தனியாக ஒரு வழிகாட்டி, 16 பாடங்கள், கூடவே எடையில் 7 சதவீதம் குறைய வேண்டும், வாரம் 150 நிமிடம் உடற்பயிற்சி வேண்டும் என்று தெளிவான இலக்கு. அந்தக் குழுவில் சர்க்கரை நோய் வருவது 58 சதவீதம் குறைந்தது.

எட்டாவது மாதம் அவர் கேட்டது இன்னும் காதில் இருக்கிறது. “மூணு வாரமா சனிக்கிழமை ராத்திரி மட்டும் காலியா இருக்கு. என்ன நடக்குது?” கேட்டுவிட்டுச் சும்மா இருந்தார். இரவுச் சாப்பாட்டைப் பற்றி முதல் முறையாக ஒருவரிடம் வாய் விட்டுச் சொன்னேன். முதல் கோச்சின் எந்த அதட்டலையும்விட அந்த அரை நிமிட மௌனம் கஷ்டமாக இருந்தது. அவர் திட்டவும் இல்லை, ஆறுதல் சொல்லவும் இல்லை. சனிக்கிழமை மதியம் எத்தனை மணிக்குச் சாப்பிடுகிறேன் என்று கேட்டார். நான் சாப்பிடுவதே இல்லை, இரவுக்காகக் கலோரியை மிச்சம் பிடித்துக்கொண்டிருந்தேன். பிரச்சினை அங்கே இருந்தது.

ஒரு தடவை தவறினால் ‘இனி என்ன, எல்லாம் போச்சு’ என்று மிச்சத்தையும் சாப்பிடுவது பழைய விஷயம். ஹெர்மனும் மேக்கும் 1975லேயே, டயட்டில் இருப்பவர்கள் ஒரு மில்க் ஷேக் குடித்த பிறகு, குடிக்காதவர்களைவிட அதிகமாக ஐஸ்கிரீம் சாப்பிட்டதைக் காட்டினார்கள். 2007இல் ஆடம்ஸும் லியரியும் டோனட் சாப்பிட வைத்துச் செய்த சோதனையில், ‘எல்லோரும் சில சமயம் இப்படிச் சாப்பிடுகிறார்கள், உங்களை நீங்களே கடிந்துகொள்ளாதீர்கள்’ என்ற மாதிரி சொல்லிக் கேட்டவர்களில், வழக்கமாகச் சாப்பாட்டைக் கடுமையாகக் கட்டுப்படுத்துபவர்கள் அடுத்து வைத்த இனிப்பைக் குறைவாகவே சாப்பிட்டார்கள். என் சனிக்கிழமைகள் சரியானதும் இப்படித்தான்.

யாருக்குக் கண்டிப்பு ஒத்து வரும் என்றால், திட்டு வாங்கினால் ஒளியாமல் எதிர்த்துப் பேசக்கூடியவர்களுக்கு. அதே குரூப்பில் என்னோடு இருந்த ஒருவர், முன்பு விளையாட்டு வீரர், அவர் கோச்சோடு தினமும் சண்டை போடுவார், 15 கிலோ குறைத்து இன்றும் அப்படியே இருக்கிறார். ஒளித்துச் சாப்பிடும் பழக்கமோ, சாப்பிட்டதை வாந்தி எடுக்கும் பழக்கமோ ஏற்கெனவே இருந்தால் அதட்டும் கோச் பக்கமே போகாதீர்கள், முதலில் டாக்டரைப் பாருங்கள், கோச் பிறகு.

சேர்வதற்கு முன் ஒரு சோதனை வகுப்பு கேளுங்கள். அதில் நீங்கள் சமீபத்தில் அளவு மீறிச் சாப்பிட்ட ஒரு நாளைப் பற்றி மறைக்காமல் சொல்லுங்கள். அவருடைய அடுத்த கேள்வி உங்களைப் பற்றி இருக்கிறதா, அந்த நாளைப் பற்றி இருக்கிறதா என்று கவனியுங்கள். எனக்கு இப்போது அது ஒன்று போதும்.

இப்போது என் சராசரி 80.9. போன மாதம் பத்து நாள் பயணம், திரும்பி வந்து பார்த்தால் 1.9 கிலோ கூடியிருந்தது. குளித்து முடிப்பதற்கு முன்பே மெஷினை போட்டோ எடுத்து அனுப்பிவிட்டேன். “தூக்கம் எப்படி இருந்துச்சு அங்க?” என்று பதில் வந்தது. மோசம் என்று எழுதினேன். நாலு நாளில் 1.2 கிலோ தானாகவே இறங்கியது, மீதியை இப்போதுதான் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.