“கல்லூரிக்கே வர வேண்டாம், பி.எட். முடித்துத் தருகிறோம்” என்றால் பணம் கட்டாதீர்கள்

சேர்க்கைக் காலம் வந்தாலே வாட்ஸ்அப்பில் இந்த விளம்பரம் சுற்ற ஆரம்பித்துவிடும். எம்.ஏ., எம்.எஸ்சி. முடித்துவிட்டுத் தனியார் பள்ளியில் குறைந்த சம்பளத்துக்கு வேலை பார்ப்பவர்கள்தான் குறி. “வேலையை விட வேண்டாம், பரீட்சைக்கு மட்டும் வந்தால் போதும்” என்பார்கள். பேசுபவர் பெரும்பாலும் கல்லூரி ஊழியராக இருக்க மாட்டார், கமிஷனுக்கு ஆள் பிடிக்கும் ஏஜென்ட்.

ஏமாந்தவர்களுக்கு நடந்தது ஏறக்குறைய ஒரே மாதிரிதான். முதலில் முன்பணம், அதுவும் தனிநபர் எண்ணுக்கு, ரசீது இல்லாமல். அடுத்து “சரிபார்த்துவிட்டுத் தருகிறோம்” என்று பத்தாம் வகுப்பிலிருந்து டிகிரி வரை அசல் சான்றிதழ்களையும் டிசியையும் வாங்கிக்கொள்வார்கள். அதன் பிறகுதான் உண்மையான வசூல் தொடங்கும். வருகைப் பதிவுக்கு ஒரு தொகை, ரெக்கார்டு (பயிற்சிப் பதிவேடு) எழுதித் தர ஒரு தொகை, பள்ளிப் பயிற்சிக்குத் தலைமையாசிரியர் கையெழுத்து வாங்க ஒரு தொகை, செய்முறைத் தேர்வுக்குத் தனியாக. இடையில் விலக நினைத்தால் சான்றிதழ் கைக்கு வராது. மாணவரின் அசல் சான்றிதழ்களை நிறுவனங்கள் பிடித்து வைத்துக்கொள்ளக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018-லேயே அறிவித்திருக்கிறது. ஆனால் ரசீது இல்லாமல் கொடுத்தவரிடம், தான் கொடுத்ததற்கே ஆதாரம் இருக்காது.

ஆசிரியர் பயிற்சிப் படிப்புகளுக்கு அங்கீகாரம் தரும் தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் (என்.சி.டி.இ.) 2014 விதிமுறைகளின்படி பி.எட். இரண்டு ஆண்டுப் படிப்பு. ஆண்டுக்குக் குறைந்தது 200 வேலை நாட்கள், வகுப்பிலும் செய்முறையிலும் 80 சதவீத வருகை, பள்ளிப் பயிற்சியில் 90 சதவீத வருகை. பள்ளிப் பயிற்சி மொத்தம் 20 வாரம். முதலாண்டில் 4, இரண்டாம் ஆண்டில் 16. இதை ஞாயிற்றுக்கிழமைகளில் முடித்துத் தர யாராலும் முடியாது. நீங்கள் போகாத நாட்களுக்குக் கல்லூரி ‘வந்தார்’ என்று எழுதுகிறது என்றால், அது பொய்யான ஆவணம். அதே நாட்களில் உங்கள் பள்ளியின் வருகைப் பதிவேட்டிலும் உங்கள் கையெழுத்து இருக்கும். பிற்பாடு அந்தப் பள்ளியில் அனுபவச் சான்று வாங்கினால் இரண்டு தேதிகளும் மோதும். சான்றிதழ் சரிபார்ப்பிலோ, வேலையில் சேர்ந்த பின் கேட்கப்படும் உண்மைத்தன்மைச் சான்றின்போதோ இது வெளியே வரலாம். அந்த நேரத்தில் ஏஜென்ட்டின் போன் அணைந்திருக்கும்.

இதைவிடப் பெரிய இழப்பு வகுப்பறையில் தெரியும். மைக்ரோ டீச்சிங்கில் ஐந்து, பத்து நிமிடம் ஒரே ஒரு திறனை மட்டும் நடத்திக் காட்டி, சக மாணவர்கள் குறை சொல்ல, திரும்ப நடத்துவது. ஒரு வகுப்பை எப்படி நடத்துவது என்று பாடத்திட்டம் எழுதி அதை நாற்பது பிள்ளைகள் முன் நடத்தும்போது பாதியில் மணி அடித்துவிடுவது. அடைவுத் தேர்வு வைத்து எந்தக் கேள்வியில் பிள்ளைகள் விழுந்தார்கள் என்று பிரித்துப் பார்ப்பது. பி.எட்.டின் சாரம் இவைதான். ரெக்கார்டை விலைக்கு வாங்கியவருக்கு இவை எதுவும் கிடைப்பதில்லை. அந்தக் குறையைச் சுமப்பது பிள்ளைகள்.

அங்கீகாரத்தில் நடக்கும் மோசடி தனி. ஒரே அறக்கட்டளை, ஒரே வளாகம், கிட்டத்தட்ட ஒரே பெயரில் இரண்டு கல்லூரிகள் இருக்கும். தொடக்கக் கல்விப் பட்டயப் படிப்புக்கு வாங்கிய அங்கீகார ஆணையைக் காட்டி பி.எட்.டுக்குச் சேர்ப்பார்கள். எனவே “அங்கீகாரம் உண்டா?” என்று கேட்பது போதாது. ஆணையையே வாங்கி, கல்லூரியின் முழுப்பெயர், முகவரி, படிப்பின் பெயர், அனுமதித்த இடங்கள் ஆகியவற்றைக் குழுமத்தின் இணையதளப் பட்டியலோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இடங்கள் 50 பேர் கொண்ட அலகுகளாகத்தான் தரப்படும். அனுமதித்த இடங்களுக்கு மேல் சேர்க்கப்பட்டவர் பெயர் பல்கலைக்கழகத்துக்குப் போகாது. ஹால் டிக்கெட் வராதபோதுதான் அவருக்கே தெரியும். சேர்ந்ததும் பல்கலைக்கழகப் பதிவு எண்ணைக் கேளுங்கள். அங்கீகாரம் ரத்தான பிறகும் நடத்தப்படும் படிப்பு அரசு வேலைக்கும் அரசு உதவி பெறும் பள்ளி வேலைக்கும் செல்லாது என்று தேசிய ஆசிரியர் கல்விக் குழுமச் சட்டம், 1993-இன் 17(4) பிரிவு சொல்கிறது.

“தொலைதூரக் கல்வியில் போட்டுவிடலாம்” என்பது இன்னொரு வலை. தொலைதூர பி.எட். உண்மையிலேயே உண்டு. ஆனால் அது பணியில் இருக்கும், பயிற்சி பெற்ற தொடக்கக் கல்வி ஆசிரியர்களுக்கும், அங்கீகாரம் பெற்ற ஆசிரியர் பயிற்சியை நேரில் படித்து முடித்தவர்களுக்கும் மட்டுமே. வெறும் டிகிரியோடு வருபவரைச் சேர்த்துக்கொண்டால் அந்தச் சேர்க்கையே தவறு.

“ஒன்று முதல் பன்னிரண்டு வரை எந்த வகுப்புக்கும் போகலாம்” என்றும் சொல்வார்கள். தொடக்கப்பள்ளி ஆசிரியர் பணிக்கு பி.எட். தகுதியாகாது என்று உச்ச நீதிமன்றம் 2023 ஆகஸ்ட் 11 அன்று தீர்ப்பளித்துவிட்டது. முதுகலை ஆசிரியர் பணியை மனதில் வைத்திருப்பவர்கள், தங்கள் இளங்கலைப் பாடமும் முதுகலைப் பாடமும் பொருந்துகின்றனவா என்று ஆசிரியர் தேர்வு வாரிய அறிவிக்கையைப் படித்துவிட்டுத்தான் பி.எட்.டுக்கே பணம் கட்ட வேண்டும்.

ஏற்கெனவே பணம் கொடுத்துவிட்டவர்கள் வாய்ப்பேச்சில் நாளைக் கடத்தாதீர்கள். பணம் அனுப்பிய ஸ்கிரீன்ஷாட், குரல் பதிவு, வாட்ஸ்அப் உரையாடல் எல்லாவற்றையும் வேறொரு இடத்திலும் சேமித்து வையுங்கள். சான்றிதழ்களையும் கட்டணத்தையும் திருப்பிக் கேட்டுக் கல்லூரி முதல்வருக்கு சேர்ந்ததற்கான ஒப்புகையுடன் ஸ்பீட் போஸ்ட்டில் கடிதம் அனுப்புங்கள். அதன் நகல் பல்கலைக்கழகப் பதிவாளருக்கும் போகட்டும். பதில் வராவிட்டால் அந்த ஒப்புகையோடு காவல் நிலையத்தில் புகார் கொடுத்து, மனு ஏற்பு ரசீதை வாங்காமல் திரும்பாதீர்கள்.