பாலிக் பூலாவில் 'தயார் பண்ணை' வாங்க நினைப்பவர்களுக்கு: எங்களுக்கு நேர்ந்தது

பினாங்குத் தீவின் பாயான் லெப்பாஸில் தொழிற்சாலை வேலையை விட்டுவிட்டு, அதே தீவின் பாலிக் பூலாவில், நாலு ஆடு, ஒரு கிணறு, கொஞ்சம் டுரியான் மரம் என்று சொந்த மண்ணில் பிழைத்துக்கொள்ளலாம் என்று நானும் என் மனைவியும் பல ஆண்டுகளாகப் பேசி வந்தோம். அந்த ஆசைக்கு நாங்கள் கொடுத்த விலை 38,200 வெள்ளி (ரிங்கிட்). நிலத்துக்கு 27,000, எட்டு போயர் ஆடுகளுக்கு 8,800, நாற்பது முசாங் கிங் டுரியான் கன்றுகளுக்கு 2,400 என்று விற்றவர் கைப்பட எழுதிக் கொடுத்த கணக்கு இன்னும் எங்களிடம் இருக்கிறது.

விற்றவர் நம்மவர், வயதில் மூத்தவர். என்னைத் தம்பி என்றும் என் மனைவியைத் தங்கச்சி என்றும் அழைத்தார். தைப்பூசம் முடிந்த வாரம் நிலத்தைக் காட்ட அழைத்துச் சென்று, அங்கிருந்த பலகை வீட்டிலேயே ஆட்டுக்கறி சமைத்துப் போட்டார். சாப்பிட்ட கையோடு "கிராண்ட் இருக்கிறதா அண்ணே?" என்று நிலத்தின் உரிமைப் பத்திரத்தைக் கேட்கவே எனக்குக் கூச்சமாக இருந்தது. கேட்டபோது, பிளாஸ்டிக் உறையில் வைத்திருந்த ஒரு தாளை நீட்டி, "அரசாங்க முத்திரை இருக்கு பாருங்க தம்பி, இதைவிட என்ன கிராண்ட் வேணும்?" என்றார்.

அந்தத் தாளின் மூலையில் 'போராங் 4ஏ', அதாவது படிவம் 4ஏ என்று அச்சிட்டிருந்தது. அது கிராண்ட் அன்று. அரசாங்க நிலத்தில் தற்காலிகமாக இருந்துகொள்ள அனுமதிக்கும் உரிமம். நம் மக்கள் டி.ஓ.எல். என்று சொல்வதும், மலாயில் எல்.பி.எஸ். என்று சொல்வதும் இதைத்தான். தேசிய நிலச் சட்டத்தின்படி அந்த உரிமம் எந்த மாதத்தில் கொடுக்கப்பட்டாலும் அந்த ஆண்டின் டிசம்பர் 31-ஆம் தேதியோடு முடிந்துவிடும். அதைப் பிறர் பெயருக்கு மாற்ற முடியாது. உரிமம் பெற்றவர் இறந்தால் அதுவும் முடிந்துவிடும். எங்களிடம் காட்டிய தாளில் இருந்தது விற்றவரின் பெயர்கூட அன்று. "அது எங்க பெரியப்பா" என்றார். பெரியப்பா இறந்து வெகுநாள் ஆகிவிட்டது என்பது நிலத்துக்குப் பக்கத்தில் ரப்பர் வெட்டும் ஒரு மலாய்க்காரப் பெரியவர் சொல்லித்தான் பிறகு எங்களுக்குத் தெரிந்தது. ஆக, செத்தவரின் உரிமத்தை, அதுவும் காலாவதியானதை, விற்க முடியாத ஒன்றை, நாங்கள் காசு கொடுத்து வாங்கியிருந்தோம்.

ஒப்பந்தத்தைச் சத்தியப் பிரமாண ஆணையர் முன்னிலையில் கையெழுத்திட்டோமே, அவருடைய முத்திரை இருக்கிறதே என்று நாங்கள் நம்பியிருந்தோம். கையெழுத்துப் போட்டவர் இன்னார் என்பதற்குத்தான் அந்த முத்திரை சாட்சி. நிலம் யாருடையது என்பதற்கு அன்று. கிராண்ட் எண் இருந்திருந்தால், பாலிக் பூலாவிலேயே உள்ள மாவட்ட நில அலுவலகத்தில் கட்டணம் கட்டித் தேடல் செய்து, உரிமையாளர் பெயர், நிலத்தின் வகை, வங்கி அடமானம், கேவியட் எனப்படும் கைமாற்றத் தடை என்பவை எல்லாவற்றையும் பார்த்திருக்கலாம். எங்களுக்கு எண்ணே தரப்படவில்லை; அதையே போதுமான பதிலாக நாங்கள் எடுத்துக்கொண்டிருக்க வேண்டும். உண்மையான கிராண்டைக் காட்டி, பெரிய தோட்டத்தைக் கால் ஏக்கர், அரை ஏக்கராகத் துண்டு போட்டு விற்பவர்களும் இருக்கிறார்கள். விவசாய நிலத்தை 0.4 ஹெக்டேருக்கு, அதாவது ஏறத்தாழ ஒரு ஏக்கருக்குக் குறைவாகப் பிரித்துத் தனிக் கிராண்ட் வாங்கச் சட்டம் இடம் தருவதில்லை.

அடுத்தது கன்றுகள். ஒவ்வொன்றின் தண்டிலும் ஒரு சாண் உயரத்தில் பச்சை பிளாஸ்டிக் நாடா சுற்றி, 'டி197' என்று அட்டை கட்டியிருந்தது. முசாங் கிங் 1993-இல் அந்த எண்ணில்தான் பதிவானது என்பதால் எனக்குச் சந்தேகமே எழவில்லை. இரண்டு மாதம் கழித்து, நாடா தண்டை இறுக்குமே என்று ஒன்றை அவிழ்த்தேன். அடியில் பட்டை மழமழவென்று இருந்தது. கட்டை விரலால் மேலும் கீழும் தடவிப் பார்த்தாலும் ஒட்டுப்போட்ட இடத்தில் இருக்க வேண்டிய மேடோ தழும்போ தட்டுப்படவில்லை. நாற்பதையும் அவிழ்த்தோம். ஒட்டுப்போட்டவை வெறும் ஆறு. மற்றவை விதையில் முளைத்த கம்பத்து டுரியான். காய்க்க எட்டுப் பத்து ஆண்டுகள் ஆகும், அப்போதும் தாய்மரத்தின் பழம் வராது. கன்று வாங்கும்போதே ஒன்றிரண்டு நாடாவை அவிழ்த்துக் காட்டச் சொல்லுங்கள். நேர்மையான நாற்றுக்காரர் அதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார்.

ஆடுகளைப் பற்றிச் சொல்ல எனக்கு வெட்கமாகவே இருக்கிறது, ஏனென்றால் எஸ்டேட்டில் என் பாட்டி ஆடு வளர்த்தே பிள்ளைகளைக் கரையேற்றியவர். மூன்றாம் வாரம் இரண்டு ஆடுகளுக்குத் தாடைக்கு அடியில் நீர் கோத்துத் தொங்கியது. கால்நடை மருத்துவர் வந்து ஓர் ஆட்டின் கீழ் இமையை இழுத்துக் காட்டினார். சிவப்பாக இருக்க வேண்டிய உள்பக்கம் வெள்ளைத் தாளைப் போல் வெளிறியிருந்தது. ஹீமோங்கஸ் என்ற இரைப்பைப் புழுவாம். ஒரு புழு நாளுக்கு 0.05 மில்லிலிட்டர் இரத்தம் உறிஞ்சும் என்றால், ஆயிரம் புழுக்கள் சேர்ந்து 50 மில்லிலிட்டர் குடித்துவிடுகின்றன. எட்டில் ஐந்து செத்தன. வாங்கும் முன் இமையை இழுத்துப் பார்க்க ஓர் ஆட்டுக்கு அரை நிமிடம்கூட ஆகியிருக்காது.

இப்போது போலீசில் புகார் செய்திருக்கிறோம். ஆடு, கன்று இரண்டுக்குமான தொகையை மட்டும் பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் கேட்டிருக்கிறோம். பதிவுக் கட்டணம் 5 வெள்ளி, 50,000 வெள்ளி வரை கோரலாம், வழக்கறிஞர் தேவையில்லை. நில உரிமை பற்றிய வழக்குகளை அந்தத் தீர்ப்பாயம் எடுத்துக்கொள்ளாது என்பதால், 27,000-க்குத் தனியாக வழக்கறிஞரைப் பார்த்து வருகிறோம்.

இதை எழுத இன்னும் கொஞ்ச நாள் பொறுத்திருக்கலாம் என்றுதான் என் மனைவி சொன்னார். ஆனால் சென்ற வாரம் என் மைத்துனருடைய வாட்ஸ்அப்பில், "பாலிக் பூலாவில் தயார் பண்ணை, ஒன்று மட்டுமே மீதி" என்று ஒரு படம் வந்தது. அதே சரிவு, அதே பலகை வீடு. வலது ஓரத்தில், நானும் என் மனைவியும் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் அடித்து முடித்த ஆட்டுக்கொட்டகையும் தெரிகிறது.