வரைவு எப்போது வரும்? மியூனிக் பேட்டன்ட் வக்கீல்களோடு எங்கள் அனுபவம்

போன வாரம் கல்லூரி நண்பன் கூப்பிட்டான். ஷ்டுட்கார்ட் பக்கம் ஒரு இயந்திர நிறுவனத்தில் இருக்கிறான். அவர்கள் மேல் யூபிசியில், அதாவது ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான காப்புரிமை நீதிமன்றத்தில், காப்புரிமை மீறல் வழக்கு வந்திருக்கிறதாம். "உங்க கேஸ்ல வெச்சிருந்தீங்களே, அந்த மியூனிக் ஆளுங்க எப்படி? போகலாமா?" என்றான். "வேண்டாம், வேற யாரையாவது பாரு" என்று பட்டென்று சொல்லிவிட்டேன். ஃபோனை வைத்த பிறகுதான் உறுத்தியது. வழக்கை ஜெயித்துக் கொடுத்தவர்களைப் பற்றியா இப்படிச் சொன்னேன்? அதனால் முழுசாகவே எழுதிவிடுகிறேன். பெயர் மட்டும் வேண்டாம்.

எங்களுடையது பால், பழச்சாறு நிரப்பும் இயந்திரங்களுக்கு வால்வு செய்யும் கம்பெனி. 2024 மார்ச்சில் எங்கள் மேல் யூபிசியில் போட்ட வழக்கின் மனு கைக்கு வந்தது. எதிராளி 2011-இல் விண்ணப்பித்த ஐரோப்பியக் காப்புரிமையை எங்கள் புதிய வால்வு மீறுகிறதாம். காப்புரிமை வழங்கிய ஒன்பது மாதத்துக்குள் ஐரோப்பியக் காப்புரிமை அலுவலகத்தில் ஆட்சேபம் தெரிவித்திருக்கலாம். நாங்கள் கவனிக்கவே இல்லை. அது எங்கள் தப்பு. தன் காப்புரிமையை யூபிசிக்கு வெளியே வைக்கும் விலகல் மனுவும் எதிராளி போடவில்லை. தோற்றால், அந்தக் காப்புரிமை அமலில் இருக்கும் உறுப்பு நாடுகள் எல்லாவற்றிலும் ஒரே தீர்ப்பில் தடை.

பதில் மனுவுக்குக் கெடு, மனு கையில் கிடைத்ததிலிருந்து மூன்று மாதம். பழைய ஜெர்மன் முறையில் மீறலை டுசல்டோர்ஃப், மான்ஹைம் போன்ற இடங்களில் மாவட்ட நீதிமன்றம் பார்க்கும்; காப்புரிமை செல்லுமா என்பதை மியூனிக்கில் இருக்கும் கூட்டாட்சிக் காப்புரிமை நீதிமன்றம் தனியாகப் பார்க்கும். இங்கே அப்படி இல்லை. 'நாங்கள் மீறவில்லை' என்பதும், 'உன் காப்புரிமையே செல்லாது' என்ற எதிர்வழக்கும் அந்த மூன்று மாதத்துக்குள் ஒன்றாகப் போக வேண்டும். பிறகு நினைவுக்கு வந்ததை எல்லாம் நுழைக்க முடியாது.

சரி, இதில் என் எரிச்சல் என்ன? வரைவு.

கெடு திங்கட்கிழமை. வரைவு வந்தது அதற்கு முந்தைய வியாழன் இரவு 7.40-க்கு. 94 பக்கம். கூடவே பணிவாக ஒரு வரி: "நாளை மதியத்துக்குள் உங்கள் கருத்து கிடைத்தால் நன்றாக இருக்கும்." சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து படித்தேன். 61-ஆம் பக்கத்தில் தூக்கிவாரிப் போட்டது. எங்கள் புதிய வால்வை ஸ்பிரிங் மூடுகிறது என்று எழுதியிருந்தார்கள். எங்கள் வால்வில் ஸ்பிரிங் திறக்கும், காற்றழுத்தம்தான் மூடும். காப்புரிமையின் எல்லையைச் சொல்லும் எதிராளியின் முதல் உரிமைக்கோரலே 'ஸ்பிரிங்கால் மூடப்படும் வால்வு' என்றுதான் ஆரம்பிக்கிறது. நாங்கள் மீறவில்லை என்ற வாதம் மொத்தமும் அந்த ஒரு வினைச்சொல்லில் தொங்குகிறது. அன்றைக்குத் தூக்கம் வந்து 60-ஆம் பக்கத்தோடு மூடி வைத்திருந்தால்?

இதில் வேடிக்கை, அந்தத் தப்பு எங்கிருந்து வந்தது என்பது. அவர்கள் செய்ததிலேயே ஆகச் சிறந்த வேலையிலிருந்துதான் வந்தது.

அந்த அணியில் ஒரு இளம் பேட்டன்ட் அட்டர்னி. இயற்பியலில் முனைவர். முதல் வாரமே எங்கள் பட்டறைக்கு வந்தார். கோட்டைக் கழற்றி மாட்டிவிட்டு ஒரு வால்வைத் தானே பிரித்தார். வால்வு இருக்கையைச் சுற்றி ஒரு கழுவு பள்ளம் இருக்கும், அதில் விரலை ஓட்டிப் பார்த்துவிட்டு, "இந்தப் பள்ளத்தை உங்கள் கம்பெனியில் முதன்முதலில் யார் போட்டது?" என்று கேட்டார். நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். வருடக்கணக்காக அந்தப் பள்ளத்தைக் கடைந்து தள்ளுகிறோம், யாருக்கும் தெரியாது. ஓய்வு பெற்ற சர்வீஸ் மெக்கானிக் ஒருவரைத் தேடிப் பிடித்தார். அந்தப் பெரியவர் சொன்ன ஒரு தகவலை வைத்துக்கொண்டு ஆல்காய் பக்கம் ஒரு பால் பண்ணைக்கு எங்களை ஓட்டிக்கொண்டு போனார். அங்கே எங்கள் பழைய இயந்திரம் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. பெயர்ப்பலகையில் 1997. உள்ளே அதே பள்ளம், மூடுவதற்கு அதே ஸ்பிரிங்.

காப்புரிமைக்கு விண்ணப்பிக்கும் முன்பே பொதுப் பயன்பாட்டில் இருந்தது புதுசு ஆகாது, அதற்குக் காப்புரிமையும் செல்லாது. ஆனால் அப்படி இருந்தது என்று வாயால் சொன்னால் போதாது. என்ன பொருள், எப்போது, யாருக்கு, எந்த ரகசிய நிபந்தனையும் இல்லாமல் கொடுத்ததா என்று ஒவ்வொன்றையும் நிரூபிக்க வேண்டும். பண்ணையின் பரணில் டெலிவரி சீட்டைக் கண்டுபிடித்தவரும் அந்த இளைஞரே. தூசியில் தும்மிக்கொண்டே கோப்புகளைப் புரட்டியது இன்னும் கண்ணில் நிற்கிறது.

அந்த உற்சாகத்தில் 1997 இயந்திரத்தின் விவரிப்பை எழுதினார். கடைசி நாட்களின் அவசரத்தில் அதிலிருந்து ஒரு பத்தி புதிய வால்வின் பகுதிக்குள் போய் ஒட்டிக்கொண்டது. பத்து நாள் முன்னால் வரைவு வந்திருந்தால் சிரித்துவிட்டுத் திருத்தியிருப்போம்.

அடுத்த மனுவுக்கு இரண்டு மாதம் இருந்தது. அதுவும் கெடுவுக்கு மூன்று நாள் முன்புதான் வந்தது. கேட்டால் மூத்த வக்கீலம்மா அமைதியாகச் சொல்வார்: "சீக்கிரம் அனுப்பினால் அது வரைவாக இருக்காது, குறிப்பாகத்தான் இருக்கும்." நியாயம் இல்லாமல் இல்லை. பழைய வரைபடங்களைத் தேடிக் கொடுக்க நாங்களும் மூன்று வாரம் இழுத்தோம், அதையும் சொல்லியாக வேண்டும். ஆனால் பில்லைப் பார்த்தால் வயிறு எரியும். கடைசி நான்கு நாளில் ஐந்து பேர், சனி ஞாயிறு உட்பட. மணிக்கணக்கை ஆறு ஆறு நிமிடமாக நறுக்கிப் போட்டிருந்தார்கள்.

2025 வசந்தத்தில் வாய்மொழி விசாரணை, ஒரே நாள். சட்ட நீதிபதிகள் மூவர், தொழில்நுட்ப நீதிபதி ஒருவர். வக்கீலம்மா மொத்தமாகப் பேசியதே அரை மணி இருக்காது. எதிராளி பக்கம் வண்ண வண்ணமாக ஸ்லைடு. இவர் பாதியாக அறுத்த வால்வைக் கையில் எடுத்து, காற்று இல்லாதபோது அது எந்தப் பக்கம் போகிறது என்று விரலால் தள்ளிக் காட்டினார். தொழில்நுட்ப நீதிபதி அதை வாங்கித் தானும் ஒரு தடவை தள்ளிப் பார்த்தார். எனக்கு அப்போதே பாதி உயிர் வந்துவிட்டது. காப்புரிமை சுருக்கப்பட்ட வடிவத்தில் தப்பியது. எங்கள் வால்வு அதற்கு வெளியே. எதிராளி மேல்முறையீட்டுக்கு லக்சம்பர்க் போகவில்லை.

செலவு திரும்பக் கிடைக்குமா என்று நண்பன் கேட்டான். தோற்றவர்தான் தர வேண்டும், ஆனால் உச்சவரம்பு உண்டு. எங்கள் வழக்கின் மதிப்பு இருபது லட்சம் யூரோ. அதற்கு அதிகபட்சம் 2,00,000 யூரோ. அதற்கு மேல் போனதெல்லாம் எங்கள் பணம். அந்த வாரக்கடைசிகளும் அதில் அடக்கம்.

அப்புறம், ஏன் பட்டென்று வேண்டாம் என்றேன்? இப்போதும் அவர்கள்தான் எங்களுக்கு. டுசல்டோர்ஃப் கண்காட்சியில் புதிய மாடலை வைக்கிறோம். கண்காட்சி என்றாலே எனக்குப் பயம். யூபிசி திறந்து மூன்றே வாரத்தில், 2023 ஜூன் 22 அன்று, ஃபிராங்ஃபர்ட் யூரோபைக் கண்காட்சியில் நின்ற ஒரு மின்சைக்கிளுக்கு, எதிர்த்தரப்பைக் கூப்பிடாமலே, கேட்ட அன்றே தடை கொடுத்தது டுசல்டோர்ஃப் பிரிவு. அதனால், யாராவது தடை கேட்டால் எங்கள் பக்கத்தைச் சொல்லும் தற்காப்பு மடல் ஒன்றை முன்கூட்டியே நீதிமன்றத்தில் வைக்கச் சொன்னேன். ஆறு மாதம் செல்லும். சின்ன வேலை. ஒரு மாதம் முன்பே சொல்லிவிட்டேன். வரைவு வந்தது ஸ்டால் கட்டுவதற்கு முந்தைய நாள் இரவு. நண்பன் கூப்பிட்டது அதற்கு மறுநாள் காலை.

ஒப்பந்தத்தில் வரைவுத் தேதியை எழுதி வாங்கு என்று அவனிடம் சொல்லியிருக்கிறேன். பதிலை மாற்றிக்கொள்ளவில்லை, வேண்டாம் என்றால் வேண்டாம்தான். ஆனால் அந்த இளைஞரின் எண்ணை அனுப்பிவிட்டேன். திங்கள், செவ்வாயில் கூப்பிடு என்றேன். வியாழன், வெள்ளியில் யாருடைய கெடுவிலாவது மாட்டிக்கொண்டிருப்பார்.