முதல் ரிக் வாங்கும் முன்: பெர்ரிஸில் பல வருடங்கள் குதித்த அனுபவத்திலிருந்து

ஸ்கைடைவிங்கில், அதாவது விமானத்திலிருந்து பாராசூட்டோடு குதிக்கும் விளையாட்டில், முதல் ரிக் வாங்கும் கட்டத்துக்கு வந்தவர்கள் எல்லோரும் என்னிடம் கேட்பது ஒன்றுதான்: "எந்தக் கம்பெனி நல்லது?" தென் கலிஃபோர்னியாவின் பெர்ரிஸ் டிராப்ஸோனில் (குதிக்கும் களத்தில்) பல வருடங்களாகக் குதித்து வருகிறேன். அதில் பெரும்பகுதி ஒரே கன்டெய்னரோடுதான், அதாவது பாராசூட்டுகளை அடக்கும் ஒரே முதுகுப்பையோடுதான். பெயர்பெற்ற தயாரிப்பாளர்களின் ரிக்குகளுக்குள் இருக்கும் வித்தியாசம், வாங்கப் போகிறவர் நினைப்பதைவிட மிகவும் குறைவு. உங்கள் உயிர் வேறு இரண்டு விஷயங்களை நம்பி இருக்கிறது. கேனோபி, அதாவது விரிந்து நிற்கும் பாராசூட் துணி, எத்தனை சதுர அடி என்பது ஒன்று. சில டாலர் மட்டுமே பெறும் தேய்மானப் பாகங்களை நீங்கள் எப்படிப் பார்த்துக்கொள்கிறீர்கள் என்பது மற்றொன்று.

இந்த விளையாட்டுக்குப் புதியவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ரிக் என்பது முதுகில் மாட்டிக்கொள்ளும் மொத்தத் தொகுப்பு. அதில் இரண்டு பாராசூட்டுகள் இருக்கும். மெயின் பாராசூட்டை நாமே மடித்து வைக்கலாம். மெயின் கைகொடுக்காதபோது திறக்கும் ரிசர்வை, அமெரிக்காவில் விமானத் துறை ஆணையமான எஃப்.ஏ.ஏ.வின் சான்று பெற்ற ரிக்கர் என்னும் பாராசூட் நிபுணர்தான் மடித்து முத்திரை வைக்க வேண்டும், அதுவும் 180 நாளைக்கு ஒருமுறை. இவற்றோடு, நாம் எதுவும் செய்யாவிட்டாலும் ரிசர்வைத் திறந்துவிடும் ஒரு சின்னக் கருவி, ஏ.ஏ.டி. எல்லாம் புதிதாக வாங்கினால் 8,000 டாலரை எளிதாகத் தாண்டும், மாதக்கணக்கில் காத்திருக்கவும் வேண்டும். அதனால் முதல் ரிக்கைப் பழையதாக வாங்குவதே பெரும்பாலோர் வழக்கம். அதில் தவறே இல்லை, பார்த்து வாங்கினால்.

அமெரிக்க பாராசூட் சங்கமான யு.எஸ்.பி.ஏ.வின் கணக்கைப் பாருங்கள். 1970களில் ஆண்டுக்குச் சராசரியாக 40 பேருக்கு மேல் இறந்தார்கள். 2024இல் 38 லட்சத்துக்கு மேல் குதிப்புகள் நடந்தன, இறந்தவர்கள் 9 பேர். இந்த மாற்றத்துக்குப் பின்னால் இரண்டு கண்டுபிடிப்புகளுக்குப் பெரிய பங்கு உண்டு. ஒன்று, பில் பூத் 1970களின் நடுவில் கொண்டுவந்த மூன்று வளையப் பூட்டு. கெட்டுப்போன மெயினைக் கழற்றிவிடுவது அதற்கு முன் இரண்டு தோள்களிலும் தனித்தனியாகச் செய்ய வேண்டிய வேலையாக இருந்தது. இந்தப் பூட்டில் ஒவ்வொரு வளையமும் விசையைப் பல மடங்கு குறைத்து அடுத்த வளையத்துக்குக் கொடுக்கிறது. முழு உடலின் பாரமும் கடைசியில் ஒரு மெல்லிய நூல் வளையத்தில் சிறிய இழுப்பாக மட்டுமே வந்து நிற்கும். கைப்பிடியை ஒரே இழுப்பு இழுத்தால் இரண்டு பக்கமும் கழன்றுவிடும். இன்னொன்று, ஜெர்மனியில் ஹெல்முட் க்ளோத் உருவாக்கி 1991இல் சந்தைக்கு வந்த சைப்ரஸ் என்ற ஏ.ஏ.டி. எக்ஸ்பர்ட் வகையில், தரையிலிருந்து சுமார் 225 மீட்டர் உயரத்தில் நாம் இன்னும் வினாடிக்கு 35 மீட்டருக்கு மேல் விழுந்துகொண்டிருந்தால், அது ரிசர்வை மூடி வைத்திருக்கும் கயிறான குளோசிங் லூப்பை உள்ளேயே அறுத்துவிடும்.

அதே பில் பூத் சொன்ன ஒரு கருத்தை எங்கள் வட்டாரத்தில் விதியென்றே அழைக்கிறார்கள்: கருவிகள் எவ்வளவு பாதுகாப்பாக ஆகின்றனவோ அந்த அளவுக்குக் குதிப்பவர்கள் துணிந்து ஆபத்தைத் தேடிப் போவார்கள், சாவு விகிதம் அப்படியே நிற்கும். சாவு விகிதம் குறைந்துவிட்டது, அந்த வகையில் கணிப்பு முழுதும் பலிக்கவில்லை. ஆனால் சாவின் முகம் மாறியிருக்கிறது. இப்போது உயிரிழப்பவர்களிலும் எலும்பு முறிபவர்களிலும் கணிசமானோர், தலைக்கு மேல் எந்தக் கோளாறும் இல்லாத பாராசூட் விரிந்திருந்தவர்கள். தரைக்கு அருகே தாழ்வாகத் திரும்பியவர்கள், இன்னொரு கேனோபியோடு மோதியவர்கள், தங்கள் திறமைக்கு மீறிய சின்னக் கேனோபியை மாட்டிக்கொண்டவர்கள்.

ஆகவே முதலில் அளவு. உங்கள் எடை 80 கிலோ என்று வைத்துக்கொள்வோம். உடை, ஹெல்மெட், ரிக் எல்லாம் சேர்ந்து 12 கிலோ. மொத்தம் 92 கிலோ, ஏறத்தாழ 203 பவுண்டு. 210 சதுர அடி கேனோபி என்றால் ஒரு சதுர அடிக்கு ஒரு பவுண்டுக்குச் சற்றுக் குறைவு. இதைத்தான் விங் லோடிங் என்கிறோம். 25 குதிப்பு முடித்து முதல் நிலையான ஏ லைசென்ஸ் வாங்கியவருக்கு ஒன்றைத் தாண்டாமல் இருப்பதே நல்லது. அதே ஆள் 150 சதுர அடிக்குப் போனால் 1.35 ஆகிவிடும். அந்த வேகத்தில் 50 அடி உயரத்தில் ஒரு முடிவைத் தவறாக எடுத்தால், திருத்திக்கொள்ள நேரமே இருக்காது.

மெலிந்த உடல்வாகு உள்ளவர்களுக்கு இந்தக் கணக்கில் ஒரு பொறி இருக்கிறது. எங்கள் பெண்களில் பலர் இதில் மாட்டியதைப் பார்த்திருக்கிறேன். 50 கிலோ எடையுள்ளவருக்கு 135 சதுர அடி கேனோபி என்றாலும் விங் லோடிங் ஏறத்தாழ ஒன்றுதான் வரும். ஆனால் சின்னக் கேனோபியில் லைன்கள், அதாவது கேனோபியை நம்மோடு இணைக்கும் கயிறுகள், குட்டை. டாகிளை (திரும்பவும் பிரேக் போடவும் கையில் பிடிக்கும் பிடியை) இழுத்ததும் கேனோபி திரும்பும் வேகம், அதே விங் லோடிங்கில் உள்ள பெரிய கேனோபியைவிட அதிகம். "உனக்குக் கணக்கு சரியாகத்தான் வருகிறது" என்று யாராவது விற்கப் பார்த்தால் கொஞ்சம் பொறுங்கள். ஒரு அளவு பெரியதை எடுங்கள்.

பெரிய கேனோபியில் குறையே இல்லையா? இருக்கிறது. எதிர்க்காற்றில் முன்னேறாது, சில நேரம் பின்னுக்குக்கூடப் போகும். பெர்ரிஸில் கோடைகால மதியங்களில் இது உண்மையான தொல்லை. வெயில் 40 டிகிரியைத் தொடும் நாட்களில் காய்ந்த வயல்களிலிருந்து சூறைக்காற்று சுழன்று எழும். தூசி இருந்தால் கண்ணுக்குத் தெரியும், புல் தரையில் தெரியவே தெரியாது. 60 அடியில் விரிந்திருக்கும் கேனோபியை அது அப்படியே மடக்கிவிடும், எந்த அளவானாலும். அந்த நேரங்களில் நான் குதிப்பதில்லை. காலை ஏழு எட்டு மணிக்கே போய்விட்டு, மதியம் நிழலில் உட்கார்ந்து மடிக்கிறேன், மறுபடி மாலையில் போகிறேன். காசு கொடுத்துப் பெயர் பதிந்த பிறகும் விமானத்திலிருந்து இறங்கி வரலாம். அதற்காக எங்கள் டிராப்ஸோனில் யாரும் முகம் சுளித்து நான் பார்த்ததில்லை.

இனி நீண்ட நாள் பயன்பாட்டில் எது எப்படித் தேய்ந்தது என்று சொல்கிறேன். கன்டெய்னரும், அதை உடலோடு பிணைக்கும் பட்டைகளான ஹார்னஸும் அப்படியே இருக்கின்றன, நிறம் மட்டும் மங்கியிருக்கிறது. நைலானுக்கு எதிரி சூரிய ஒளி. ரிக்கை வெயிலில் போட்டுவிட்டுச் சாப்பிடப் போவதும், கார் டிக்கியில் வாரக்கணக்கில் கிடக்க விடுவதும் வேண்டாம்.

கேனோபியின் துணியைவிட லைன்கள்தான் முதலில் போகும். என்னுடையது ஸ்பெக்ட்ரா என்று நாங்கள் சொல்லும் வகை லைன். ஒவ்வொரு முறை பாராசூட் விரியும்போதும் ஸ்லைடர் என்ற சிறு துணி அந்த லைன்களின் மேல் உரசிக்கொண்டு இறங்கும். அந்த உரசலின் சூட்டில் லைன் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கும், அதிலும் வெளிப்புற லைன்களும் பிரேக் லைன்களும் அதிகமாக. நடு லைன்கள் அவ்வளவு சுருங்குவதில்லை. இதனால் கேனோபியின் வடிவமே மெல்ல மாறும். எனக்கு ஒரு பருவம் முழுக்க விரிதல் முரட்டுத்தனமாகிக்கொண்டே வந்தது. தரையிறங்கும்போது வேகத்தைக் குறைக்க டாகிள்களை இழுக்கும் ஃப்ளேரிலும் பழைய தூக்கல் இல்லை. ரிக்கர் லைன்களை நீட்டி அளந்தார். பிரேக் லைன்கள் சில அங்குலம் குறைந்திருந்தன. அதாவது, டாகிளைத் தொடாமலே நான் எப்போதும் கொஞ்சம் பிரேக் போட்டபடி பறந்திருக்கிறேன். புது லைன் செட் மாட்டியதும் பழைய கேனோபியே திரும்பி வந்தது. வெக்ட்ரான் லைன் சுருங்காது. ஆனால் நார் நாராகப் பிரியும், அறுந்துபோகும் நாள் முன்கூட்டித் தெரியாது. எந்த வகையானாலும் சில நூறு குதிப்புகளுக்கு ஒருமுறை மாற்ற வேண்டியதுதான். பழைய ரிக் வாங்குபவர்கள் விலை பேசும்போது இந்தச் செலவைக் கழித்துக்கொண்டு பேசுங்கள்.

மெயினின் குளோசிங் லூப் ஒரு விரல் நீளக் கயிறு. கன்டெய்னர் விமானத்துக்குள்ளோ கதவருகிலோ தானாகத் திறந்துவிடாமல் காப்பது அதுதான். கதவில் நிற்கும்போது அது திறந்துகொண்டால், பாராசூட் விமானத்தின் வாலில் போய்ச் சிக்கக்கூடும். உங்களோடு சேர்த்து அதிலுள்ள எல்லோருக்கும் ஆபத்து. ஒரு இழை பிரிந்திருந்தாலும் நான் மாற்றிவிடுகிறேன், பையில் எப்போதும் நான்கைந்து தயாராக இருக்கும். இதே கவனம், மெயினை வெளியே இழுக்கும் குட்டிப் பாராசூட்டான பைலட் சூட்டுக்கும் வேண்டும். அதன் உள்ளே ஓடும் கில் லைனும் நாளாக ஆகச் சுருங்கும், பைலட் சூட் முழுதாக விரியாமல் போகும், மெயினை இழுக்கும் பலம் குறையும். மூன்று வளையங்களை மாதம் ஒருமுறை பிரித்து, லைன்களை ஹார்னஸோடு இணைக்கும் ரைசர் பட்டையை முறுக்கி நெகிழவிட்டு, மெயினைக் கழற்றிவிடும் கட்அவே கேபிள்களைத் துடைத்து, தயாரிப்பாளரின் கையேடு சொல்லும் எண்ணெயை மட்டும் போட்டு மறுபடி கோப்பேன். கால் மணி நேர வேலை.

அந்தக் கால் மணி நேரத்தின் அருமை ஒரு மாலையில் தெரிந்தது. மெயின் விரிந்தது, ஆனால் இடது பக்க லைன்களில் ஒரு முடிச்சு இறுகி நின்றது. கேனோபி இடப்பக்கமாகத் திரும்பிக்கொண்டே இருந்தது, வேகமும் கூடியது. இரண்டு டாகிளையும் அழுத்தி விட்டுப் பார்த்தேன், அவிழவில்லை. உயரமானியைப் பார்த்தேன். மெயினைக் கழற்றிவிடுவதா என்று முடிவெடுக்கும் என் உயரம் எப்போதும் 2,500 அடி. யு.எஸ்.பி.ஏ. மாணவர்களுக்கும் ஏ லைசென்ஸ்காரர்களுக்கும் சொல்வது இந்த எண்ணைத்தான். மேல் லைசென்ஸ்காரர்களுக்கு 1,800 அடி என்று இருந்தாலும் நான் மாற்றிக்கொள்ளவில்லை. மெயினைக் கழற்ற வலது கைப்பிடி, பிறகு ரிசர்வைத் திறக்க இடது கைப்பிடி. வலது கைப்பிடி வெண்ணெய்போல வந்தது. இடதை முழுதாக இழுத்து முடிக்கும் முன்பே, மெயினோடு இணைந்திருந்த ஆர்.எஸ்.எல். பட்டை ரிசர்வைத் திறந்துவிட்டது. மெயினை ஒரு வயலில் தேடிப் பிடித்தோம். அன்றிரவு, வழக்கப்படி, ரிசர்வ் மடித்த ரிக்கருக்கு அவருக்குப் பிடித்த மதுப்புட்டி ஒன்றைப் பரிசாகக் கொண்டுபோய்க் கொடுத்தேன். இந்த வழக்கம் எனக்கு மிகவும் பிடிக்கும்.

முதல் ரிக்கிலேயே ஆர்.எஸ்.எல். இருக்கட்டும். அதைவிட வேகமாக ரிசர்வை இழுக்கும் ஸ்கைஹுக் போன்றவை இருந்தால் இன்னும் நல்லது.

ஏ.ஏ.டி. பற்றி இரண்டு வார்த்தை. தயாரிப்பாளர் விதித்த ஆயுட்காலம் முடிந்தால் அது வெறும் பெட்டிதான். பழைய ரிக் விளம்பரத்தில் "ஏ.ஏ.டி. உண்டு" என்று மட்டும் போட்டிருந்தால் தயாரித்த தேதியைக் கேளுங்கள். மீதி ஆயுள் இரண்டு வருடம் என்றால் விலை வேறு. குதிக்கும் இடத்திலேயே, தரையில் வைத்து இயக்க வேண்டும். வேறு உயரத்தில் உள்ள ஊருக்குக் காரில் போனால் அணைத்து மறுபடி போட வேண்டும், அது தரை மட்டத்தைக் கணக்கிடுவது அப்போதுதான்.

ஹெல்மெட், உயரமானி எந்த மாடல் என்பது உங்கள் விருப்பம். முழுமுக ஹெல்மெட்டுகளில் மோதல் சோதனை தேறியதாகச் சான்று உள்ளதை எடுங்கள், பல அழகான ஹெல்மெட்டுகளுக்கு அது கிடையாது. கையில் ஒரு உயரமானி, காதருகே ஒலிக்கும் ஒன்று. ஒலிப்பது நினைவூட்டத்தான், அதை எதிர்பார்த்துக் கையைப் பார்க்காமல் இருக்கக் கூடாது. ஹெல்மெட் கேமராவை 200 குதிப்பு வரை தள்ளிப்போடுங்கள். யு.எஸ்.பி.ஏ.வின் பரிந்துரையும் அதுதான், சரியான பரிந்துரை.

விமானத்தில் பெல்ட் போடுவதைப் பற்றி பெர்ரிஸ்காரர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். 1992 ஏப்ரல் 22 அன்று இங்கே ஒரு ட்வின் ஆட்டர் விமானம் கிளம்பியதும் விழுந்தது. எரிபொருளில் தண்ணீர் கலந்திருந்ததால் ஒரு இன்ஜின் நின்றுபோனது. 16 பேர் இறந்தார்கள், அவர்களில் 14 பேர் குதிக்கப் போனவர்கள். பிழைத்த ஆறு பேரில் ஒருவர் டான் ப்ராட்ஸ்கி-சென்ஃபெல்ட். கழுத்தெலும்பு முறிந்து வாரக்கணக்கில் நினைவின்றிக் கிடந்தவர், மீண்டு வந்து உலக சாம்பியன் ஆனார். கட்டப்படாத மனிதரும் கட்டப்படாத ஹெல்மெட்டும் விழும் விமானத்துக்குள் மற்றவர்களைக் கொல்லும். 1,500 அடி வரை பெல்ட், தலையில் ஹெல்மெட். பக்கத்தில் இருப்பவர் மறந்தால் நீங்களே மாட்டிவிடுங்கள்.

பக்கத்தில் இருப்பவர் என்றதும் இன்னொன்று. ரிக் மாட்டும் முன் ஒருமுறை, விமானம் ஏறும் முன் ஒருமுறை, கதவு திறக்கும் முன் ஒருமுறை சோதிக்க வேண்டும். மூன்று வளையங்கள், ஹார்னஸின் மூன்று பட்டைகள், மூன்று கைப்பிடிகள். பின்புறத்தை நம்மால் பார்க்க முடியாது, அதை இன்னொருவர்தான் பார்க்க வேண்டும். முன்பின் தெரியாதவரிடமும் முதுகைக் காட்டி "பின் (கன்டெய்னரைப் பூட்டி நிற்கும் ஊசி) பார்த்துச் சொல்லுங்கள்" என்று கேட்கலாம். ஆயிரக்கணக்கில் குதித்தவர்களும் அப்படித்தான் கேட்கிறார்கள். பேசத் தயங்கும் நம்மூர்ப் பிள்ளைகளுக்கு இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் நம்மில் பலர் வகுப்பில்கூடச் சந்தேகம் கேட்காமல் வளர்ந்தவர்கள்.

டிராப்ஸோன்களில் யு.எஸ்.பி.ஏ. நியமித்த பாதுகாப்பு ஆலோசகர் இருப்பார். கேனோபி அளவைக் குறைக்க நினைக்கும்போது அவரிடம் போய்ப் பேசுங்கள். விற்பவரிடமோ, கூடக் குதிக்கும் நண்பரிடமோ மட்டும் கேட்டு முடிவெடுக்காதீர்கள். அடுத்த நிலையான பி லைசென்ஸுக்குக் கேனோபிப் பயிற்சி கட்டாயம். அதோடு நிறுத்தாமல் ஒவ்வொரு புதுக் கேனோபிக்கும் ஒரு முறை அந்த வகுப்பை எடுங்கள். பிரேக் போட்டபடி தட்டையாகத் திரும்புவதை உயரத்தில் நூறு முறை பழகினால்தான், கீழே குறுக்கே ஒருவர் வரும்போது கை அதைச் செய்யும்.

பழைய ரிக் பிடித்துப்போனால், முன்பணம் கொடுக்கும் முன் உங்களுக்குத் தெரிந்த ரிக்கரிடம் அனுப்பிப் பார்க்கச் சொல்லுங்கள். விற்பவரின் ரிக்கரிடம் வேண்டாம். நேர்மையான விற்பனையாளர் இதற்கு மறுக்க மாட்டார். ரிசர்வ் அட்டையில் கடைசியாக மடித்த தேதி, ஹார்னஸ் உங்கள் உடலுக்குப் பொருந்துகிறதா, லைன் செட்டில் எத்தனை குதிப்பு ஆகியிருக்கிறது, ஏ.ஏ.டி. தேதி. இந்த நான்கும் எழுத்தில் வரட்டும். ரிசர்வின் அளவையும் மறக்காதீர்கள். மெயினைப் பெரிதாக எடுத்துவிட்டு, கைக்குட்டை அளவு ரிசர்வை முதுகில் மாட்டியிருப்பவர்களைப் பார்க்கிறேன். முதன்முறை ரிசர்வில் இறங்கும்போது பெரும்பாலும் பழக்கமில்லாத நிலத்தில்தான் இறங்குவீர்கள், களைத்த கையோடு. அதற்கும் விங் லோடிங் கணக்கு ஒன்றுக்குப் பக்கத்திலேயே இருக்கட்டும்.