தண்ணித் தாங்கி இருந்த இடம்: மூன்று கச்சான் காலம் ஓடிய எங்கள் கரவன்

போன கிழமை மச்சினன் தொலைபேசியில் கேட்டார்: "அத்தான், உங்கட கரவனைச் செய்த பட்டறையிலயே நானும் ஒண்டு செய்விக்கட்டோ?" அன்று காலையில்தான் திருத்த வேலை முடிந்து கரவனைத் திருகோணமலைக்குக் கொண்டு வந்து வளவுக்குள் விட்டிருந்தேன். கோபம் ஆறவில்லை. "பிறகு கதைப்பம்" என்று வைத்துவிட்டேன். அவருக்குச் சொல்ல வேண்டியதை இப்போது ஆறுதலாக எழுதுகிறேன்.

கரவன் என்றால் பயணத்தில் படுத்தெழும்ப வாகனத்துக்குப் பின்னால் இழுத்துப் போகிற வீட்டுப் பெட்டி. எங்களுடையது பன்னிரண்டு அடி, ஒற்றை எக்சல் (சில்லுகள் பூட்டிய அச்சு), டபிள் கப் பிக்கப்பில் கொழுவி இழுப்பது. உள்ளே என்ன இருக்கிறதென்று அவருக்குத் தெரியும், படுத்தெழும்பிப் பார்த்தவர்தான். கடற்கரைக் காற்றுக்குள் வருசம் முழுக்க நிற்கும் வண்டியின் இரும்புச் சட்டத்தில் ஒரு பொட்டுத் துரு இல்லை. மூன்று மாரிக்கும் கூரை ஒழுகவில்லை. வெல்டிங் வேலையில் அந்தப் பட்டறைக்காரரை மிஞ்ச ஆளில்லை என்று எங்கேயும் சொல்வேன்.

ஆனால் தண்ணித் தாங்கி! 80 லீற்றர்த் தாங்கியைக் கொண்டுபோய்ப் பின்பக்கக் கட்டிலுக்குக் கீழே, எக்சலுக்கு ஒன்றரை மீற்றருக்கும் பின்னால் வைத்துவிட்டார். அந்த ஒரு பிழைக்கு நாங்கள் மூன்று வருசம் பயந்து பயந்து ஓடினோம்.

ஒவ்வொரு ஓகஸ்ற் விடுமுறைக்கும் எங்கள் பாதை ஒன்றுதான். கந்தளாய், ஹபரணை, மின்னேரியா, கிரித்தலை, கடைசியில் பொலநறுவை பராக்கிரம சமுத்திரம். குளக்கரையில் நினைத்த இடத்தில் நிற்பதில்லை. இருட்டினால் யானை தண்ணிக்கு வரும். தெரிந்தவர்களின் வளவுகளில்தான் நிறுத்துவோம். சிறுபோகத்துக்குத் தண்ணி திறந்துவிட்டு மின்னேரியாக் குளம் வற்றுகிற காலம் அது. வற்றிய இடத்தில் புல் பச்சையாக முளைக்க, நூற்றுக்கணக்கான யானைகள் குட்டிகளோடு இறங்கி நிற்கும்.

முதல் வருசம் ஹபரணையில் ஒரு கிணற்றடியில் தாங்கியை நிரப்பிக்கொண்டு மின்னேரியா றோட்டில் ஏறினேன். 65இல் போகிறேன். காடு விலகி வெளி வந்த இடத்தில் கச்சான், அதுதான் தென்மேல் காற்று, பக்கவாட்டில் அடித்தது. அதே நேரம் ஒரு பஸ் முந்திப் போனது. கரவனின் பின்பக்கம் முதலில் இடப்பக்கம் போனதைக் கண்ணாடியில் கண்டேன். பிறகு வலம், பிறகு இன்னும் கூடுதலாக இடம். ஸ்ரேறிங் கைக்குள் துள்ளியது. மனைவி "பிறேக்கைப் பிடியுங்கோ" என்று கத்தினா. பிடித்திருந்தால் பெட்டி சுழன்று எங்களையும் இழுத்துக்கொண்டு கானுக்குள் போயிருக்கும். அக்சிலேற்றரிலிருந்து காலை எடுத்து, ஸ்ரேறிங்கை நேரே இறுக்கிப் பிடித்திருந்தேன். வேகம் தானாகக் குறைந்து 40க்கு வந்த பிறகுதான் ஆட்டம் நின்றது. பின் சீற்றில் பிள்ளைகள் இருவரும் ஒருவர் கையை ஒருவர் பிடித்தபடி இருந்தார்கள். அந்தக் கைகள் இன்னும் கண்ணுக்குள் நிற்கின்றன.

பட்டறைக்காரரிடம் சொன்னேன். "நீங்க ஸ்பீடா ஓடியிருப்பீங்க" என்றார். ரயர்க் கடையில் காற்றுக் குறைவு என்றார்கள். அடுத்த வருசம் இரண்டு ரயரும் புதிது போட்டேன். அப்போதும் போகும்போது ஆடியது, வரும்போது ஆடவில்லை. அதே றோட்டு, அதே காற்று, அதே வேகம். மனைவிதான் பிடித்தா: "வரேக்க தாங்கி வெறுமை எல்லோ?"

இந்த முறை வெளிக்கிட முன் குளியலறைத் தராசை எடுத்து, கரவனை டபிள் கப்பில் பூட்டுகிற முன்னங்கொழுவியின் கீழே கட்டையொன்று கொடுத்து வைத்தேன். தாங்கி வெறுமை. தராசு 80 கிலோ காட்டியது. மகன் 20 லீற்றர்க் கலனால் ஊற்றத் தொடங்கினான். முதல் கலன்: முள் 70க்கு இறங்கியது. இரண்டாவது: 60. வண்டிக்குள் தண்ணி ஏற ஏற, முன்னால் பாரம் குறைகிறது! நாலாவது கலன் முடிய 40. எங்கள் கரவன் தாங்கி நிரம்பினால் 780 கிலோ. இழுக்கிற வண்டியின் கொழுவியில் கரவனின் மொத்தப் பாரத்தில் நூற்றுக்குப் பத்திலிருந்து பதினைந்து வரை அமர வேண்டும். எங்களுக்கு ஐந்துதான் அமர்ந்திருக்கிறது. சீசோப் பலகை மாதிரி, எக்சலுக்குப் பின்னால் வைத்த தண்ணி முன்னங்கொழுவியைத் தூக்கிவிடுகிறது. பின்பாரம் கூடிய வண்டி காற்றுப் பட்டால் ஆடத் தொடங்கும், தொடங்கினால் வேகம் குறையும்வரை அடங்காது.

பயணத்தைத் தள்ளிவைத்துப் பட்டறைக்குக் கொண்டுபோனேன். தாங்கியைக் கழற்றி எக்சலுக்குச் சற்று முன்னால் பூட்டினார்கள். தராசில் இப்போது நிரப்பிய நிலையிலும் 90 கிலோ. பிழையைத் திருத்தியதற்குக் காசும் வாங்கினார். பிழை என்று மட்டும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. காசு போனது பெரிதில்லை, அந்த ஒரு வார்த்தை வரவில்லை என்பதுதான் இன்னும் வயிற்றெரிச்சல்.

வேலை முடிந்ததும் கந்தளாய் வரை தாங்கி நிரம்ப ஓடிப் பார்த்தேன். தம்பலகாமத்து வயல்வெளியில் காற்று நன்றாக அடித்தது. லொறிகள் முந்தின. கண்ணாடியில் கரவன் அசையாமல் வந்தது. குளக்கட்டுக்குப் பக்கத்தில் நிறுத்தி, பின் யன்னலைத் தூக்கிவிட்டுத் தேத்தண்ணி வைத்தோம். 1986 ஏப்ரல் 20 அதிகாலை உடைத்துக்கொண்டு நூற்றுக்கும் மேற்பட்டவர்களைக் கொண்டுபோன அதே அணைக்கட்டு. குளக்கோட்டன் கட்டிய குளம் என்று எங்கள் ஆட்கள் சொல்வார்கள், மற்றவர்கள் வேறு அரசர்களின் பெயர் சொல்வார்கள். மின்னேரியாப் பக்கமிருந்து யோத எல என்கிற பழைய வாய்க்கால் வழியாக வரும் தண்ணி இங்கே சேர்ந்து, சுத்திகரிக்கப்பட்டு எங்கள் வீட்டுக் குழாய்க்கு வருகிறது. மகன் தாங்கிக் குழாயைத் திறந்து கேத்தலில் பிடித்துக்கொண்டே, "அப்பா, இந்தத் தண்ணி இஞ்ச இருந்துதானே வந்தது" என்றான். அந்த யன்னலடியில் இருந்து குடித்த தேத்தண்ணிக்கு இந்த வண்டியின் முழு விலையையும் கொடுக்கலாம்.

ஆனாலும் மச்சினனுக்கு என் பதில்: அங்கே செய்விக்க வேண்டாம். வெல்டிங் எவ்வளவு திறமாக இருந்தாலும் வேண்டாம். உம்மட பிள்ளைகளும் பின் சீற்றில்தான் இருக்கப் போகிறார்கள். அடுத்த விடுமுறைக்கு எங்கட கரவனைக் கொண்டு போம். தராசு கதவடிப் பெட்டிக்குள் இருக்கு. சாமான் ஏற்றி முடிய, கொழுவ முன் ஒருக்கா வைத்துப் பாரும். 80க்குக் கீழே காட்டினால் அரிசி மூட்டையை முன்னுக்கு இழுத்து வையும்.